கிடைக் கொட்டகைக்கு வெயில் மின்சாரம்: பேட்டரி வாங்குமுன் கணக்குப் போடுங்கள்

சம்பா அறுவடை முடிந்ததும் காவிரி டெல்டா வயல்களில் ஆட்டுக்கிடை இறங்கும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து மந்தை ஓட்டி வருபவர்கள் மாதக்கணக்கில் வயலிலேயே தங்குவார்கள். இன்று ஒரு வயல், நாலு நாள் கழித்து வேறொரு வயல். அதே சமயத்தில் வாத்து மேய்ப்பவர்கள் சிந்திய நெல்மணியைத் தேடி ஊர் ஊராகப் போவார்கள். குமரி மாவட்டத்துத் தேனீ வளர்ப்போர் ரப்பர் துளிர்விடும் காலத்தில் பெட்டிகளைத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்வார்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. படுக்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். மின்வாரியத்தின் கம்பியோ மாறாது.

டிராக்டர் டிரெய்லரின் மேல் குழாய்களை வளைத்து, தார்ப்பாயோ தகரமோ போட்டு ஒரு கொட்டகை அமைத்துக்கொண்டால் தரையில் படுக்க வேண்டியதில்லை. அந்தக் கொட்டகைக்குள் நாலு பேருக்குப் போதுமான வெளிச்சம், ஒரு மின்விசிறி, செல்போன் சார்ஜ் ஆகியவற்றைச் சூரிய ஒளியிலிருந்தே பெற முடியும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் காருக்குப் பின்னால் சிறு வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுபவர்கள் இதே முறையில்தான் விளக்கெரிக்கிறார்கள். பேனல், சார்ஜ் கண்ட்ரோலர், பேட்டரி, ப்யூஸ் வைத்த ஒயரிங் என்ற நான்கு உறுப்புகள்தான் இரண்டுக்கும்.

வெளிச்சம் என்பது வசதிக்கு மட்டும் உரிய காரியமன்று. 2000 முதல் 2019 வரையிலான காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்திருக்கிறார்கள் என்று 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களையே அதிகம் கடிக்கிறது. உயரமான படுக்கை, கொசுவலை, இறங்கி நடக்கும்போது கையில் விளக்கு என்ற மூன்றும் உயிர் காக்கும். கடித்துவிட்டால் உடனே மருத்துவமனைக்குத் தகவல் சொல்ல, செல்போனில் சார்ஜ் இருக்க வேண்டும்.

எங்கே தவறு நேர்கிறது?

பலர் செய்வது இதுதான். கடையில் கண்ணில் பட்ட ஒரு பேனலை வாங்குகிறார்கள். வீட்டில் கிடக்கும் பழைய டிராக்டர் பேட்டரியோடு அதைக் கோர்க்கிறார்கள். முதல் மாதம் எல்லாம் நன்றாக எரியும். மழைக்காலம் வந்ததும் இரவு ஒன்பது மணிக்கே விளக்கு மங்கும். அடுத்த ஆண்டு பேட்டரி சார்ஜே ஏற்காது. 'சோலார் நமக்குச் சரிப்படாது' என்று பேனலைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

குற்றம் வெயிலில் இல்லை. கணக்குப் போடாததில் இருக்கிறது. மாட்டுக்குத் தீவனம் எவ்வளவு வேண்டும் என்று பார்த்த பிறகுதானே வைக்கோல் வாங்குகிறோம்? இங்கும் முதலில் செலவு, பிறகு பேட்டரி, கடைசியில் பேனல் என்ற வரிசையில்தான் கணக்கு வர வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டால் பணம் வீணாகும்.

முதல் கணக்கு: ஒரு நாளைய செலவு

ஒவ்வொரு சாதனத்தின் மேலும் அதன் 'வாட்' எழுதியிருக்கும். அதை எத்தனை மணி நேரம் ஓட்டுகிறோமோ அந்த எண்ணால் பெருக்கினால் 'வாட்-மணி' கிடைக்கும். ஆயிரம் வாட்-மணி சேர்ந்ததுதான் மின்வாரியம் கணக்கிடும் ஒரு யூனிட்.

நாலு பேர் தங்கும் கொட்டகைக்கு ஒரு மாதிரிக் கணக்கு:

உள்ளே 5 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, தலா 5 மணி நேரம்: 50 வாட்-மணி

கிடைக்கு வெளிக்காவல் விளக்கு, 5 வாட், 10 மணி நேரம்: 50 வாட்-மணி

12 வோல்ட் சிறு மின்விசிறி, 15 வாட், 8 மணி நேரம்: 120 வாட்-மணி

செல்போன் நான்கு, தலா 20: 80 வாட்-மணி

டார்ச் லைட் இரண்டு, தலா 10: 20 வாட்-மணி

மொத்தம் 320 வாட்-மணி. அதாவது மூன்றில் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. நாலு பேருக்கு இது போதும்.

இந்தப் பட்டியலில் தண்ணீர் மோட்டார் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு குதிரைத்திறன் என்பதே 746 வாட். அதைச் சுழற்ற இந்தச் சிறு அமைப்பு உதவாது. பம்ப்செட்டுக்கான சூரிய மின் மோட்டார்கள் தனி வகை; அவற்றை மானியத்தில் பெறும் முறை பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். மின்அடுப்பு, அயர்ன் பாக்ஸ் போன்று சூடு உண்டாக்கும் சாதனம் எதையும் இந்தக் கொட்டகைக்குள் கொண்டுவரக் கூடாது.

இரண்டு விளக்கும் ஒரு செல்போனும் மட்டுமே தேவை என்றால் இவ்வளவு ஏற்பாடும் வேண்டியதில்லை. பேட்டரியும் பேனலும் சேர்ந்தே வரும் சிறு சோலார் லாந்தர் போதும்.

இரண்டாம் கணக்கு: பேட்டரி

இந்தச் செலவில் பெரும்பகுதி இரவில்தான். பகலில் ஏற்றி வைத்ததை இரவில் எடுக்கிறோம். அடுத்த நாள் மேகம் மூடினால் இன்னொரு இரவையும் அதே பேட்டரிதான் தாங்க வேண்டும். எனவே இரண்டு இரவுக்குக் கணக்கிட வேண்டும். 320-ஐ இரண்டால் பெருக்க 640 வாட்-மணி.

ஈய-அமில பேட்டரியில் உள்ளதைப் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. அடிவரை காலி செய்து ஓட்டினால் உள்ளே இருக்கும் தகடுகள் கெட்டு, ஆயுள் விரைவில் முடிந்துவிடும். ஆகவே 640 வேண்டும் என்றால் 1,280 வாட்-மணி கொள்ளும் பேட்டரி தேவை. இதை 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 107 ஆம்பியர்-மணி வரும். கடையில் 120 ஆம்பியர்-மணி கேட்டு வாங்குவது சரியாக இருக்கும்.

டிராக்டர், கார் பேட்டரிகள் இந்த வேலைக்கு ஆகா. அவை சில நொடி நேரம் பெரும் மின்னோட்டத்தைக் கொடுத்து எஞ்சினைக் கிளப்புவதற்காக, மெல்லிய தகடுகளை நிறைய வைத்துச் செய்யப்பட்டவை. இரவெல்லாம் மெல்ல மெல்லச் சுரண்டி எடுத்தால் சில மாதத்தில் படுத்துவிடும். சூரிய மின்சாரத்துக்கென்றே விற்கும் டியூபுலர் பேட்டரியே பொருத்தம்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற வகையும் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. இதில் நூற்றுக்கு 80 பங்கு வரை எடுக்கலாம். எனவே 640-க்கு 800 வாட்-மணி கொள்ளளவு போதும்; 12.8 வோல்ட் பேட்டரியில் அது 62.5 ஆம்பியர்-மணி. எடை ஈய பேட்டரியின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஆனால் விலை கூடுதல். இதற்குள் பாதுகாப்புச் சுற்று இருக்கிறதா, வாங்கும் சார்ஜ் கண்ட்ரோலரில் லித்தியத்துக்கு உரிய அமைப்பு உண்டா என்று கேட்டே வாங்க வேண்டும். ஈய பேட்டரியையும் லித்தியம் பேட்டரியையும் ஒன்றாகக் கோர்ப்பதும், பழையதையும் புதியதையும் சேர்ப்பதும் கூடவே கூடாது.

எது லாபம் என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு முறை எவ்வளவு எடுக்கலாம், எத்தனை முறை ஏற்றி இறக்கலாம் என்பவற்றைப் பெருக்கினால் அந்த பேட்டரி தன் ஆயுளில் கொடுக்கும் மொத்த யூனிட் தெரியும். விலையை அந்த எண்ணால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன 120 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி என்பது 0.72 யூனிட். 'பாதி வரை எடுத்தால் 1,200 முறை' என்று தயாரிப்பாளர் அட்டையில் இருந்தால் மொத்தம் 864 யூனிட். லித்தியத்துக்கும் இப்படியே போட்டு இரண்டையும் ஒப்பிடலாம். ஆண்டு முழுவதும் வெளியிலேயே இருப்பவருக்கு லித்தியம் கட்டுப்படியாகும். ஆண்டில் நாலு மாதம் மட்டும் கிடை போடுபவர் அத்தனை முறை ஏற்றி இறக்கப் போவதில்லை. அவருக்குக் குறைந்த முதலில் கிடைக்கும் டியூபுலரே போதுமானது.

மூன்றாம் கணக்கு: பேனல்

தமிழ்நாட்டில் ஒரு நாள் வெயிலைத் திரட்டிப் பார்த்தால், உச்சி வெயில் ஏறத்தாழ 5 மணி நேரம் அடித்ததற்குச் சமமாகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது வெகுவாகக் குறையும். சூடு, தூசி, பேட்டரியில் ஏற்றி இறக்கும் இழப்பு எல்லாம் போக, கைக்கு வருவது நூற்றுக்கு 70 என்று வைத்துக்கொள்ளலாம்.

100 வாட் பேனல் இரண்டு போட்டால் 200 பெருக்கல் 5, அதில் 70 சதவீதம். ஆக 700 வாட்-மணி. அன்றைய செலவு 320 போக மீதி 380, முந்தின நாள் மேகத்தால் பள்ளமான பேட்டரியை நிரப்பும். வெயில் 2 மணி நேரத்துக்குச் சமமாக மட்டுமே கிடைத்த நாளிலும் 280 வரும். பெரிய குறை இல்லை. ஒரே பேனலோடு நிறுத்தினால் நல்ல நாளில் 350 வரும். அன்றன்று வருவது அன்றன்றே செலவாகிவிடும். பேட்டரி ஒருநாளும் முழுமையாக நிரம்பாது. நிரம்பாமலே கிடக்கும் ஈய பேட்டரி நாளடைவில் கெடும். பழைய பேட்டரியோடு ஒற்றைப் பேனல் போட்டவர்களின் ஏமாற்றத்துக்கு இதுவே காரணம்.

பேனலைத் தெற்குப் பார்த்து 10 டிகிரி அளவுக்குச் சாய்த்து வைப்பது நலம். மழை பெய்தால் தூசியும் கழுவிக்கொண்டு போகும். பேனலின் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலும் உற்பத்தி பெரிதும் குறைந்துவிடும். 'கொஞ்சம்தானே நிழல்' என்று இருந்துவிடக் கூடாது.

ஆளுக்கு நிழல், பேனலுக்கு வெயில்

கிடைக்காரர்களுக்கு உள்ள தனிச் சிக்கல் இங்கேதான். மத்தியானம் வண்டியைப் புளியமர நிழலில் நிறுத்தத்தான் எவரும் விரும்புவார்கள். பேனல் கொட்டகைக் கூரையிலேயே நிரந்தரமாக மாட்டியிருந்தால் அதுவும் நிழலில் மாட்டிக்கொள்ளும். எனவே பேனல்களைக் கழற்றி எடுத்து, மடக்கும் இரும்புச் சட்டத்தில் வெயிலில் நிறுத்தும்படி அமைப்பதே இவர்களுக்கு ஏற்றது.

ஆனால் பேனலுக்கும் வண்டிக்கும் 10 மீட்டர் இடைவெளி விழுந்தால், போக வர 20 மீட்டர் ஒயர் ஆகிறது. இரண்டு பேனலும் சேர்ந்து ஏறத்தாழ 11 ஆம்பியர் கொடுக்கும். இந்த ஓட்டத்தில் 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் இரண்டரை வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 2.5 சதுர மி.மீ. ஒயரில் ஒன்றரை வோல்ட், 4 சதுர மி.மீ.-ல் ஏறத்தாழ ஒரு வோல்ட், 6 சதுர மி.மீ.-ல் அரை வோல்ட்டுக்குச் சற்று அதிகம்.

இரண்டரை வோல்ட் பெரிய விஷயமா என்று தோன்றலாம். பேனலின் மேல் 18 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் சித்திரை வெயிலில் அது கொதிக்கும்போது 15 வோல்ட்டுக்குச் சற்று மேலேதான் நிற்கும். ஈய பேட்டரி நிரம்ப வேண்டுமானால் 14.4 வோல்ட் அளவுக்கு அதனிடம் போய்ச் சேர வேண்டும். இடையில் இருப்பது ஒரு வோல்ட்தான். மெல்லிய ஒயர் அதையும் தின்றுவிட்டால் பேட்டரி எத்தனை நாள் வெயிலில் கிடந்தாலும் நிரம்பாது. ஆகவே இந்த ஓர் இடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காமல் 6 சதுர மி.மீ. செம்பு ஒயர் வாங்க வேண்டும். அலுமினியம் கூடாது.

சார்ஜ் கண்ட்ரோலரில் பி.டபிள்யூ.எம்., எம்.பி.பி.டி. என்று இரண்டு வகை உண்டு. முன்னது மலிவு, பக்கத்திலேயே பேனல் இருந்தால் அதுவே போதும். பின்னது விலை கூடியது. ஆனால் இரண்டு பேனலையும் தொடராகக் கோர்க்க இது இடம் கொடுக்கும். அப்போது வோல்ட் இரட்டிப்பாகி ஆம்பியர் பாதியாகும். ஒயரில் ஏற்படும் இழப்பும் வெகுவாகக் குறையும். பேனலைத் தூரத்தில் வைப்பவர்களுக்கு இந்தக் கூடுதல் செலவு வீண் போகாது. எந்த வகையானாலும் 20 ஆம்பியர் தாங்குவதாக வாங்க வேண்டும்.

ஆடு ஒயரைக் கடிக்கும், எலியும் கடிக்கும். தரையில் ஓடும் ஒயரை பி.வி.சி. குழாய்க்குள் விட்டுச் செலுத்துவதும், பேனலைச் சுற்றி நாலு முளையடித்துக் கயிறு கட்டுவதும் நல்லது.

ப்யூஸ் இல்லாத பேட்டரி தீப்பந்தம்

12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் பலர் இதைச் சாதாரணமாக நினைத்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டால் இந்த அளவு பேட்டரியிலிருந்து ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஒயர் பழுக்கக் காய்ந்து, மேலுறை எரிந்து, கூரைக் கீற்றில் தீப்பற்ற அதிக நேரம் ஆகாது. உள்ளே ஆட்கள் உறங்கிக்கொண்டிருப்பார்கள்.

எனவே பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 25 ஆம்பியர் ப்யூஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். அங்கிருந்து கண்ட்ரோலர் வரை 6 சதுர மி.மீ. ஒயர். விளக்கு, மின்விசிறி, செல்போன் சார்ஜர் என்று பிரியும் ஒவ்வொரு கிளைக்கும் 5 ஆம்பியர் ப்யூஸ் தனித்தனியே. வாகனங்களில் போடும் பிளேடு ப்யூஸ் இதற்கு ஏற்றது. ஆட்டோ எலெக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கும். வீட்டு மெயினில் போடும் ஏ.சி. பிரேக்கரை இங்கே பொருத்தக் கூடாது. டி.சி. மின்சாரத்தில் அது தீப்பொறியை அணைக்காமல் விட்டுவிடக்கூடும். ப்யூஸ் போய்விட்டால் செம்புக் கம்பியைச் சுற்றி ஒப்பேற்றுவது, தீயைக் கூப்பிட்டு வைப்பதற்குச் சமம்.

இணைக்கும் வரிசையும் முக்கியம். கண்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பிறகு பேனல், கடைசியில் விளக்குகள். கழற்றும்போது இதற்கு நேர்மாறு. பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் இணைத்தால் கண்ட்ரோலர் பழுதாகலாம். வேலை செய்யும்போது மோதிரம், காப்பு, வெள்ளி அரைஞாண் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. ஸ்பானரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ள வேண்டும்.

பேட்டரிக்கு இடம்

பேட்டரியைப் படுக்கும் இடத்துக்கு அடியில் வைக்கக் கூடாது. ஈய பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். மேலும் கீழும் துளையிட்ட பெட்டியில், கொட்டகைக்கு வெளியே, டிரெய்லர் அச்சுக்கு நேர் மேலே வைப்பது சரி. அங்கே குலுக்கலும் குறைவு, பாரமும் நடுவில் நிற்கும். டியூபுலர் பேட்டரி உயரமானது; வரப்பில் ஏறி இறங்கும்போது சாயாமல் பட்டை போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். பெட்டியின் அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. அமிலம் மேலே பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

பெட்டி வெயிலில் காயவும் கூடாது. வழக்கத்தைவிட 10 டிகிரி வெப்பம் நிரந்தரமாகக் கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். பெட்டியின் மேல் இரண்டு கீற்றுப் போட்டாலே நல்ல பலன் தெரியும்.

கொட்டகையை டிரெய்லரோடு நிரந்தரமாக வெல்டிங் செய்து வண்டியின் அமைப்பையே மாற்றுவதற்குச் சட்டத்தில் தடை உண்டு. கழற்றி மாட்டும்படி அமைப்பது நல்லது. ஐயம் இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். ரோட்டில் செல்லும்போது பேனல்களை இறக்கி, துணி விரித்து உள்ளே படுக்க வைத்துவிட வேண்டும்.

டிராக்டரிலிருந்து சார்ஜ் ஏற்றலாமா?

அடைமழையில் நாலு நாள் வெயிலே இல்லாவிட்டால் டிராக்டர் எஞ்சினை ஓட்டி ஏற்றலாம் என்று தோன்றும். இரண்டு பேட்டரிகளையும் வெறும் ஒயரால் இணைத்தால், நிரம்பியதிலிருந்து காலியானதற்குப் பெரும் மின்னோட்டம் பாய்ந்து ஒயர் சூடேறும். இரவில் கொட்டகை விளக்கு டிராக்டர் பேட்டரியையும் சேர்த்துக் காலி செய்துவிடும். காலையில் வண்டி கிளம்பாது. டி.சி.-யிலிருந்து டி.சி.-க்கு மாற்றும் சார்ஜர் ஒன்றை இடையில் போட்டு, எஞ்சின் ஓடும்போது மட்டும் ஏறும்படி அமைப்பதே முறை. அது கையில் இல்லையென்றால் அந்த நாலு நாளும் மின்விசிறியை நிறுத்திவிடலாம். செலவு 320-லிருந்து 200-ஆக இறங்கும். பேட்டரி ஒன்றரை மடங்குக்கும் மேல் தாக்குப்பிடிக்கும்.

இன்வெர்ட்டர் வேண்டாம், வேலி வேண்டவே வேண்டாம்

விளக்கு, மின்விசிறி, செல்போன் சார்ஜர் எல்லாமே 12 வோல்ட் டி.சி.-யில் ஓடும்படி கிடைக்கின்றன. ஆகவே 230 வோல்ட் இன்வெர்ட்டர் தேவையில்லை. அது சும்மா இருக்கும்போதே ஓரளவு மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். ஈரத் தரையில் 230 வோல்ட் இருப்பதும் ஆபத்து.

ஓநாய், நரி, பன்றிக்கு அஞ்சி, இன்வெர்ட்டரிலிருந்தோ மின்வாரியக் கம்பியிலிருந்தோ கிடையைச் சுற்றி வேலிக்கு மின்சாரம் விடுவது கொலைக்குச் சமமான குற்றம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. வயலில் நடக்கும் மனிதர்களும் இதே முறையில் இறக்கிறார்கள். விட்டு விட்டுத் துடிக்கும் முறையான சூரிய மின்வேலிக்கென்று தனிச் சாதனமும் தனி விதிகளும் இருக்கின்றன. அவற்றை அறிந்தே போட வேண்டும். கிடைக்கு வெளியே விடிய விடிய எரியும் ஒரு 5 வாட் விளக்கும் ஒரு நல்ல நாயும் பல இடங்களில் போதுமானவை.

பராமரிப்பு

சின்ன மல்டிமீட்டர் ஒன்று எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். காலையில் வெயில் ஏறுமுன், விளக்கு எல்லாவற்றையும் அணைத்து அரை மணி நேரம் கழித்து ஈய பேட்டரியை அளந்தால் நிலவரம் தெரியும். 12.7 வோல்ட் என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் அன்று இரவு மின்விசிறிக்கு விடுமுறை கொடுத்துவிட வேண்டும். கண்ட்ரோலர் தானாகத் துண்டிக்கும் என்று நம்பி ஓட்டுவது தவறு. பல கண்ட்ரோலர்கள் 11 வோல்ட்டுக்கு அருகில்தான் துண்டிக்கும். அதற்குள் பாதிக்கு மேல் எப்போதோ போயிருக்கும். இந்த அளவுகள் லித்தியத்துக்குப் பொருந்தா.

மாதம் ஒருமுறை நீர்மட்டம் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். கேன் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், புதிய அமிலம் எதுவும் கூடாது. முனைகளில் பூக்கும் பச்சையை வெந்நீரில் கழுவித் துடைத்து வாசலின் தடவலாம். பேனலை வாரம் ஒரு முறை காலைக் குளிரில் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது. இடி முழங்கினால் பேனல் இணைப்பைக் கழற்றிவிட்டு அதன் சட்டத்தைத் தொடாமல் விலகி இருப்பது பாதுகாப்பு.

கிடைக்காலம் முடிந்து ஊர் திரும்பியதும் பலர் பேட்டரியை மூலையில் வைத்துவிடுவார்கள். ஈய பேட்டரி உபயோகத்தில் கெடுவதைவிடச் சார்ஜ் இல்லாமல் சும்மா கிடந்து கெடுவதே அதிகம். வீட்டு மாடியில் ஒரு பேனலோடு இணைத்தே வைத்திருந்தால் அடுத்த தை மாதம் அதே வலுவோடு கிளம்பும். வீட்டில் மின்வெட்டு வந்தால் அந்த விளக்குகளே உதவும். லித்தியம் என்றால் பாதி அளவு சார்ஜில் இணைப்பைக் கழற்றி வைக்கலாம். உயிர் போன ஈய பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் புதியதன் விலையில் கழிவு கிடைக்கும். ஈயம் மண்ணில் கலக்காது.

கடைக்குப் போகுமுன்

பென்சிலும் ஒரு துண்டுக் காகிதமும் எடுத்து நான்கு எண்களை எழுதிக்கொண்டு போக வேண்டும்: ஒரு நாள் செலவு எத்தனை வாட்-மணி; பேட்டரி எத்தனை ஆம்பியர்-மணி; பேனல் எத்தனை வாட்; பேனலுக்கும் வண்டிக்கும் எத்தனை மீட்டர். மேலே சொன்ன கொட்டகைக்கு 320, 120, 200, 10 என்பவையே அந்த எண்கள். ஆறு பேர் தங்கினால், இரண்டு மின்விசிறி ஓடினால் எண்கள் மாறும். போடும் முறை மாறாது.

இந்தக் காகிதம் கையில் இருந்தால் கடைக்காரர் பெரிய இன்வெர்ட்டரைக் காட்டினாலும், மலிவான மெல்லிய ஒயரை நீட்டினாலும் 'வேண்டாம்' என்று சொல்லத் தெரியும். மழைக்காலத்து இரவிலும் கிடையைச் சுற்றி விளக்கு எரியும். ஆட்டுக்குட்டி கத்தினால் என்னவென்று பார்த்துவிட்டு, காலடியைப் பார்த்து நடந்து திரும்பலாம்.